எரிந்தால்தான் மருந்து

நம் வயசுக்காரர்களில் சிரங்கு வராமல் வளர்ந்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். ஒருவரும் தூக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பேரப் பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும், அந்தக் காலத்தில் நாங்கள் கல்லைத் தின்று செரித்தோம், நோய் எங்களை எட்டிப் பார்க்கவே பயந்தது என்று வாய் கூசாமல் அளப்போம். விரலிடுக்கைச் சொறிந்து சொறிந்து, சிலேட்டுக் குச்சியைப் பிடிக்க முடியாமல் வாத்தியாரிடம் அடி வாங்கியதெல்லாம் வசதியாக மறந்துபோகும். எனக்கு மறக்கவில்லை. எனக்கு வந்த சிரங்கு என்னை வீட்டைவிட்டு மலையேற்றியது.

இப்போது களிம்பெல்லாம் டியூபில் வருகிறது. என் முழங்கால் வலிக்கு மகள் ஒன்று வாங்கி வந்தாள். வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கிறது, துணியில் ஒட்டுவதில்லை, வாசனை வேறு. பட்டாணி அளவு போதும், அதிகம் பூசக் கூடாது என்று அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை ஐம்பதுகளின் கடைசியில் யாராவது என் மாமாவுக்குப் படித்துக் காட்டியிருந்தால், இன்றைக்கு உங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்களுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. பெரியப்பா கல்லாவில் உட்காருவார். அப்பா பின்கட்டில் குழைப்பார். விருப்பாச்சி மலைவாழைப் பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, நெய், ஏலம் எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு முழங்கை வரை கையை விட்டுப் பிசைவார். சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பட்டால் புளித்துவிடும். வெள்ளனே குளித்து, நகத்தை ஒட்ட வெட்டி, கையை உலர்த்திக்கொண்டுதான் அண்டாவுக்குப் பக்கத்திலேயே போவார். குடும்பத்தின் மானம் மொத்தமும் அந்த அண்டாவில் இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் எனக்குச் சிரங்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்து, பாதயாத்திரைக் கூட்டம் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கிய நேரம். கையிலும் இடுப்பிலும் முதுகிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கடைப்பக்கம் போகாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் போனேன். தூணில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தேன். டப்பா வாங்க வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த டப்பாவைச் சத்தமில்லாமல் பலகையில் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.  பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் அம்மா என் பாவாடை சட்டைகளை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கொடைக்கானலில் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். சிரங்கு ஆறும்வரை அங்கே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவால் பஸ் வரைக்கும் வர முடியவில்லை, வீட்டில் டப்பா நிரப்புகிற வேலை கிடந்தது. வாசலில் நின்று, "ஆறுன மறுநாளே வந்து கூட்டிட்டு வந்துருவோம்டி" என்றாள். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பருவம் முழுவதும் இருந்தேன். ஆறினால் வீடு. வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பழனியில் எங்கள் தெருவில் நின்றால் மலை எதிரே சுவர் மாதிரி நிற்கும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும். ஆனால் நாங்கள் வத்தலக்குண்டு போய், வேறு பஸ் மாறி, வளைவு வளைவாகச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். அப்பா என் தலையைப் பிடித்துக்கொள்ள வந்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு, மேல்துண்டால் பிடித்துக்கொண்டார். மறுநாள் அவர் அண்டாவில் கை விட வேண்டுமே. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே இறங்கிப் போய்விட்டார்.

மாமா வீடு நாயுடுபுரத்தில் இருந்தது. தகரக் கூரை, பலகைத் தரை, பின்னால் ஒரு பேரிக்காய் மரம். மாமா நல்லவர், ஆனால் ஆஸ்பத்திரிக்காரர். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சட்டம் போட்டுவிட்டார். "இது ஒட்டுவாரொட்டி. இவளை யாரும் தொடக் கூடாது. மருந்தை இவளே பூசிக்கிடட்டும்" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், விறகு வைக்கும் அறையில் தனிப் படுக்கை. அத்தை ஆடலூர்க்காரி, காபித் தோட்டத்து வீட்டுப் பெண். அதிகம் பேச மாட்டாள். பிள்ளைகள் கிடையாது. சோற்றுத் தட்டை நடுக்கூடத்தில் வைத்து, விறகுக் குச்சியால் என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு என்னைக் கண்டாலே அருவருப்பு என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

தினமும் சாயங்காலம் களிம்பு. கந்தகக் களிம்பு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் நிறம், பிசுபிசுப்பு, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கிற நாற்றம். அத்தை வெந்நீர் காய்ச்சிப் பின்கட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். நானே குளித்து, நானே துடைத்து, பல் கிட்டித்துப்போகும் அந்தக் குளிரில் துணியில்லாமல் நின்று, கழுத்திலிருந்து கால்வரை பூச வேண்டும். களிம்பு குளிரில் இறுகிக் கிடக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து இளக்கினால்தான் பரவும். முதுகில் மட்டும் கை எட்டாது. மேலேயிருந்து கொஞ்சம், கீழேயிருந்து கொஞ்சம் என்று எட்டியவரை பூசிவிட்டு விட்டுவிடுவேன். பிறகு ஒரு பழைய ஃபிளானல் கவுன். அந்தக் கவுன் முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் பார்த்தபோதே மஞ்சளாகிவிட்டிருந்தது.

பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். கான்வென்ட்டில் படிக்கிறவர்கள், வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். வேலிக்கு அந்தப் பக்கம் பந்து விளையாடுவார்கள். இரண்டாம் நாளே எனக்கு மத்தாப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்றத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது, இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பந்து எங்கள் பக்கம் விழுந்தால், "மத்தாப்பு, டோன்ட் டச், காலால தள்ளு" என்பார்கள். நான் காலால் தள்ளுவேன். அதற்காகவே வேலியோரம் காத்து நிற்பேன். பந்து விழாத நாட்களில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

காலையில் மாமா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார், வீட்டில் விட்டால் எதையாவது தொட்டுவைப்பேன் என்று. மருந்தறை வாசலில் ஒரு முக்காலி எனக்கு. அங்கிருந்து அவர் களிம்பு குழைப்பதைப் பார்ப்பேன். உங்களுக்குச் சொல்கிறேன், அது பார்க்கவேண்டிய காட்சி. பளிங்குக் கல் ஒன்று, அகலமான தட்டைக் கத்தி ஒன்று. கந்தகப் பொடியைத் துணியில் சலித்துக் கல்லில் குவிப்பார். வாஸ்லின் தகர டப்பாவைக் கரி அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கி, முதலில் ஒரு துளி மட்டும் விட்டு அரைப்பார். கட்டி தட்டாமல் மை மாதிரி ஆன பிறகு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார், மணலாக நெருடினால் மறுபடி முதலிலிருந்து. கத்தி கல்லில் படுகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அங்கே என் அப்பா குழைக்கிறார், இங்கே என் மாமா குழைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டால் சில சமயம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும், மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் களிம்புக்கு டப்பா தர மாட்டார்கள். நோயாளியே ஏதாவது கொண்டுவர வேண்டும். வெளிப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை நான் முகத்தைக்கொண்டு அறிந்ததைவிடக் கையிலிருப்பதைக்கொண்டு அறிந்ததுதான் அதிகம். சிரட்டை, சோப்பு டப்பா, காலி பவுடர் டின், தீப்பெட்டி, வாழை இலைத் துண்டு. மாமா அவரவர் பாத்திரத்தில் கத்தியால் ஒரு வீச்சு வைத்து, ஓரத்தை வழித்துக் கொடுப்பார். வாங்கிய பாத்திரத்தைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மஞ்சு மூடிய சாலையில் இறங்கிப் போவார்கள்.

தைப்பூசம் கழிந்து சில நாளில், கூக்காலிலிருந்து வெள்ளைப்பூண்டு விவசாயம் செய்கிற ஒரு பெரியவர் வந்தார். குதிகால் வெடிப்புக்கு மருந்து. மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். முருகன் படம் போட்ட எங்கள் கடை டப்பா. தைப்பூசத்துக்கு மலையிறங்கி நடந்தே பழனிக்குப் போய் வந்திருக்கிறார். அந்தப் பருவத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். டப்பாவை மோந்து பார்க்கக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தார். மூடியின் விளிம்பில் ஏலமும் நெய்யும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்றார். உள்ளே சிவப்புக் கல் தோடு போட்ட ஓர் அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் நல்லபடியாக யோசித்தார். "கடையில பொம்பளையாளு யாரையும் பாக்கலையே தாயி" என்றார்.

அவர் என் கையைப் பார்த்தார். அது அப்போது சிவந்து, தோல் வறண்டு, விரல் மடக்கும் இடத்தில் வெடித்திருந்தது. எரியுதா என்று கேட்டார். ராத்திரியெல்லாம் எரிகிறது என்றேன்.

"எரியட்டும் தாயி. எரிஞ்சாத்தான் மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம். சும்மா குளுகுளுன்னு இருந்தா அது மருந்தா?"

மாமா உள்ளேயிருந்து அதை ஆமோதித்தார். அவரும் அதையேதான் சொல்வார். அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பாள். நம் வீடுகளில் அது வேதவாக்கு. கசக்காத கஷாயமும் எரியாத மருந்தும் காசுக்குப் பிடித்த கேடு என்று நினைத்த ஜனங்கள் நாம். நானும் நம்பினேன். எரிய எரிய, வீடு பக்கத்தில் வருகிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் ஆறவில்லை. மாசி பிறந்தும் ஆறவில்லை. மாமாவுக்குக் கவலை வந்தது. அவர் கையால் குழைத்த களிம்புக்கு அடங்காத சிரங்கு அந்த மலையில் கிடையாது. அக்காள் மகளின் சிரங்கு மட்டும் அடங்க மறுத்தால் அவருக்கு எப்படி இருக்கும்? எனக்கென்று தனியாகக் குழைக்க ஆரம்பித்தார். மற்றவர்களுக்குப் போடுவதைவிடக் கந்தகத்தைக் கூட்டினார். அடுத்த வாரம் இன்னும் கூட்டினார். காலையிலும் ஒரு தடவை பூசு என்றார். களிம்பின் மஞ்சள் நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டே போனது. என் மேல் வைத்திருந்த பிரியத்தை அந்த மனிதர் கந்தகத்தில் காட்டினார் என்று இப்போது புரிகிறது. வாரம் ஒரு முறை வருகிற டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரங்குக்கெல்லாம் டாக்டரிடம் போனால் கம்பவுண்டர் எதற்கு என்று இருந்துவிட்டார்.

மழையும் மஞ்சும் விட்ட காலைகளில் நான் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடந்து போவேன். அங்கே மலை சட்டென்று முடிந்து கீழே சமவெளி விரிந்து கிடக்கும். தெளிவான நாளில் பழனிமலை ஒரு சின்னக் குமிழ் மாதிரி தெரியும். அதன் அடியில் எங்கள் கடை. அங்கே நின்றுகொண்டு, இந்நேரம் அம்மா என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். பால் காய்ச்சுவாள், தம்பிக்குத் தலை வாருவாள், ஓலைப் பாயைச் சுருட்டுவாள். நினைக்க நினைக்க, அந்த வேலைகளில் ஒன்றுக்குக்கூட நான் தேவைப்படவில்லை என்பது தெரிந்தது. அம்மா கையைத் தூக்கி ஆட்டினால் எனக்குத் தெரியாது, நான் ஆட்டினால் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஆட்டினேன்.

மாசி முடிகிற சமயம், ஒரு டாக்டரம்மா நாளில், அரிப்புத் தாங்காமல் மருந்தறை நிலைக்கதவில் மணிக்கட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்த டாக்டரம்மா நின்றுவிட்டார். என் கையைப் பிடித்தார். அத்தனை நாளில் என் மேல் பட்ட முதல் கை அதுதான். கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை. உள்ளே கூட்டிப் போய்க் கவுனைக் கழற்றச் சொன்னார். முன்பக்கம் பார்த்தார், திருப்பி முதுகைப் பார்த்தார். 

"உனக்கு முதுகுல ஆயின்ட்மென்ட் யாரும்மா போடுறது?"

"யாரும் போடலைங்க. கை எட்டலை."

மாமாவைக் கூப்பிட்டார். என் முதுகை அவருக்குக் காட்டினார். எனக்கு அது தெரியாதல்லவா, அவர்கள் பேச்சிலிருந்துதான் அறிந்தேன். தோளிலிருந்து கொஞ்ச தூரம் சிவப்பு, இடுப்பிலிருந்து கொஞ்ச தூரம் சிவப்பு. நடுவே, என் கை எட்டாத இடத்தில், ஒரு வெற்றிலை அளவுக்குத் தோல் பளிச்சென்று, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இருந்தது. ஊரிலிருந்து வந்தபோது அங்கேயும் கொப்புளம் இருந்ததை மாமா அறிவார். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. சிரங்கு போய் எத்தனையோ நாளாயிற்று, இப்போது இருப்பது முழுக்க இந்த மருந்து செய்த புண், பூசியதால் எரிந்தது, எரிந்ததால் இன்னும் பூசினீர்கள் என்றார். இன்றோடு நிறுத்துங்கள், தேங்காய் எண்ணெய் மட்டும் போதும் என்றார். மாமா எனக்கென்று குழைத்து வைத்திருந்த களிம்புத் தகரத்தை எடுத்து, கத்தியால் சுத்தமாக வழித்துக் குப்பையில் போட்டார். பிறகு கல்லைத் துடைத்தார். துடைத்த கல்லையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அவர்தான் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, இனி ஒட்டாது, தொடலாம் என்றார். அத்தை அடுப்படிக்குப் போனாள். தேங்காய் எண்ணெய் சீசாவில் உறைந்து கட்டியாகக் கிடந்தது. அடுப்போரம் வைத்து உருக்கி, தன் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடு பார்த்து, என்னை முன்னால் உட்காரவைத்துக் கழுத்திலிருந்து பூசத் தொடங்கினாள். காய்ந்த சிறகு படுவது மாதிரி அவ்வளவு மெல்ல. 

"தொட்டா எனக்கும் வந்துரும்னு பயமில்ல தாயி. தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாக. படிச்சவுக சொல்றாகளேன்னு இருந்தேன். உனக்குத் தட்டைத் தள்ளிவிட்டுட்டு உள்ள போயி எனக்குச் சோறு எறங்குனதில்ல."

நான் அழவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் காய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து என் படுக்கை விறகறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. அத்தை என்னோடு ஒரு நாளில் பேசியது, அதற்கு முன் அந்த வீட்டில் அவள் மொத்தமாகப் பேசியதைவிட அதிகம். ஆடலூரில் மிளகுக் கொடியில் ஏறியது, காபிப் பழத்தைத் தின்று வயிறு நொந்தது, கல்யாணமாகி வந்த அன்று குளிரைப் பார்த்து அழுதது எல்லாம் சொன்னாள்.

பங்குனி பிறந்தபோது என் தோல் பழைய தோலாகிவிட்டது. மாமா ஊருக்குச் சொல்லி அனுப்பினார். ஆறிவிட்டது, வந்து கூட்டிப் போகலாம் என்று. நான் மஞ்சள் பையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு பஸ் வருகிற நேரமெல்லாம் சாலையைப் பார்த்தேன். அப்பா வரவில்லை. பெரியப்பா பஸ் கண்டக்டர் மூலம் பதில் சொல்லியிருந்தார். பங்குனி உத்திரக் கூட்டம் வருகிறது, சிரங்கு மீண்டும் வந்துவிட்டால் வம்பு, திருவிழா கழியட்டும், அவசரம் இல்லை. மாமா அதுவும் நியாயம்தானே என்றார். கடையை நம்பி எத்தனை வயிறு என்று எனக்குக் கணக்குச் சொன்னார். அவசரம் இல்லை என்ற வார்த்தைதான் எனக்குப் பட்டது. சிரங்கு எரிந்ததைவிட அது எரிந்தது. ஆறினாலும் வீடு இல்லை என்றால் பிறகு எதற்கு வீடு என்று எனக்கு விளங்கவில்லை. பையைப் பிரிக்காமல் அதன்மேலேயே தலை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

அத்தை மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஆறுனா மறுநாளே வீடுன்னுதான பிள்ளைகிட்டச் சொன்னாக? ஆறிருச்சு. நாளைக்கு நாங் கூட்டிட்டுப் போறேன்."

திருவிழாக் கூட்டத்தில் பெண்பிள்ளை தனியாக எப்படிப் போவாய் என்றார் மாமா. எல்லாரும் அங்கேதானே போகிறார்கள், கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறேன் என்றாள். மாமா காலையில் எங்களோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட வந்து, தொடாமல், ஜன்னல் கம்பியைத் தட்டிவிட்டுப் போனார்.

பழனியில் வெயில் கொளுத்தியது. தீர்த்தக் காவடிக் கூட்டம் அடிவாரம் முழுக்க நெரிந்தது. நீல ஸ்வெட்டரை அவிழ்க்க மறந்து, வியர்த்து வழிந்துகொண்டு, என் கையை இறுகப் பிடித்தபடி அத்தை நடந்தாள். பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்குள் போகலாம் என்று நான் காட்டினேன். அவள் கேட்கவில்லை. கடை முன்வாசலுக்கே கூட்டிப் போனாள், பக்தர்கள் டப்பா வாங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு. பெரியப்பா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாடிக்கைக்காரர்களைப் பார்த்தார். உள்ளே பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மா ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள், அதை நான் மறைக்கக் கூடாது. வந்தவள் என் இரண்டு கைகளையும் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்கைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். சட்டைக் கையை ஏற்றிவிட்டு முழங்கையைப் பார்த்தாள். நான் அவள் உச்சி வகிட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை சொன்னாள். "மதினி, மொகத்தைப் பாருங்க. பிள்ள வந்திருக்கு."

அம்மாவின் கைகள் நின்றன. நிமிர்ந்தாள். அவள் முகம் என்னவோ ஆனது. அப்படியே கடைப் படியில் உட்கார்ந்து, கூட்டம் பார்க்கப் பார்க்க என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். நெய்யும் ஏலமும் வியர்வையும் கலந்த அவள் வாசனை, குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நின்று நான் எவ்வளவோ முயன்றும் வரவழைக்க முடியாத வாசனை, மூக்கில் ஏறியது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. யாரோ வீட்டு மடியில் இருப்பது போல, எப்போது எழுந்திருக்கலாம் என்று இருந்தது.

இன்று அம்மா செய்தது புரிகிறது. மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் நான். ஒரு கூட்டுக் குடும்பத்தில், கல்லாவிலிருந்து தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மனிதருக்கு முன்னால், அவள் முதலில் கையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள அவளுக்கு அந்தக் கைகள் சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது. புரிகிறது. புரிந்ததால் அந்தக் கணம் மாறிவிடவில்லை.

அத்தை சாப்பிடவில்லை. சோலி கெடக்கு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும் என்றாள். அம்மா ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டு, என் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். வெரசா போகணும் என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தில் இறங்கிவிட்டாள். காவடிகளுக்கு நடுவே நீல ஸ்வெட்டர் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பருவம் முழுவதும் வராதது மொத்தமாக வந்தது. விக்கி விக்கி, மூச்சுத் திணறி, படியில் உருண்டு அழுதேன். டப்பா வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் அழுதுகொண்டே என்னை அள்ளித் தூக்கினாள். "பாவம், ஆத்தாளைப் பாக்காம ஏங்கிப் போச்சு பிள்ள" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

அதை அவள் அன்றோடு விடவில்லை. என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னாள். என் பிள்ளைகளிடம் சொன்னாள். இவள் என்மேல் உயிரையே வைத்திருந்தாள், மலையிலிருந்து வந்து என்னைக் கண்டதும் எப்படி அழுதாள் தெரியுமா என்று, கண் தெரியாமல் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள். அன்றைக்கு நான் யாருக்காக அழுதேன் என்று அவளிடமும் சொன்னதில்லை.